குருத்தில் இருப்பது அமெரிக்கன் படைப்புழுதானா? அடையாளம் காணும் முறை

மக்காச்சோளக் குருத்தில் எந்தப் புழு தென்பட்டாலும் படைப்புழு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புகையிலை வெட்டுப்புழு, காய்ப்புழு, தண்டுத் துளைப்பான் எல்லாமே அதே செடிக்கு வரும்.

முதலில் வயலைப் பாருங்கள். வெயில் ஏறினால் புழு குருத்துக்குள் இறங்கிவிடும். அதனால் அதிகாலையோ அந்தியோ நல்லது. ஓரத்து நான்கைந்து வரிசைகளை விட்டுவிட்டு, குறுக்கும் மறுக்குமாக நடந்து ஐந்து இடங்களில் பத்துப் பத்துச் செடிகளைப் பாருங்கள். இளம் புழு இலையின் பச்சையைச் சுரண்டி, கண்ணாடித்தாள் போல வெள்ளைத் திட்டாக விட்டிருக்கும். வளர்ந்த புழு இலையைக் கிழித்துத் தின்று, குருத்துக்குள் ஈர மரத்தூள் போல எச்சத்தை நிரப்பும். வரிசையாகச் சிறு ஓட்டைகள் மட்டும் இருந்தால் தண்டுத் துளைப்பானைச் சந்தேகியுங்கள்.

அடுத்து, குருத்தைப் பிரித்துப் புழுவை எடுத்து வெள்ளைத்தாளில் விடுங்கள். இரண்டு செ.மீ. நீளமாவது இருந்தால் லென்ஸ் இல்லாமலே குறிகள் தெரியும். தலையில் கவிழ்த்துப்போட்ட ‘ஒய்’ எழுத்தைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். அது மட்டும் போதாது. வேறு சில புழுக்களின் தலையிலும் மங்கலாக அப்படியொரு கோடு உண்டு. தாளைத் திருப்பி வால் பக்கம் பாருங்கள். கடைசிக்கு முந்தைய உடல் வளையத்தின் முதுகில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக, ஆறு பக்கப் பகடையில் நாலு விழுந்தது போல அமைந்திருக்கும். ‘ஒய்’ குறியும் இந்தச் சதுரமும் சேர்ந்து இருந்தால்தான் படைப்புழு.

புழு சிறிதாக இருந்தால் மக்காச்சோள இலையோடு டப்பாவில் வளர்த்துப் பாருங்கள். ஒரு டப்பாவுக்கு ஒரு புழுதான். இரண்டை விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அடியில் ஐந்து செ.மீ. ஈரமண் போட்டால் அதற்குள் கூட்டுப்புழுவாகும்.

பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில், இந்தப் புழு வளர்ந்து மாறும் அந்துப்பூச்சிகளில் ஆண் மட்டுமே விழும். அதன் முன்னிறகு நுனியில் முக்கோண வெள்ளைத் திட்டு இருக்கும். பொறியில் உறவுக்காரப் பூச்சிகளும் விழும் என்பதால், இறகைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள்.

இந்தக் குழப்பத்துக்கு வகைப்பாடே ஒரு காரணம். இதன் பெயர் ஸ்போடாப்டிரா ஃப்ரூஜிபெர்டா. லெபிடாப்டிரா வரிசை, நாக்டுயிடே குடும்பம். நம் மண்ணில் முன்பே இருக்கும் புகையிலை வெட்டுப்புழுவும் இதே ஸ்போடாப்டிரா பேரினம்தான். படைப்புழுவின் தாயகம் அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதி. 2016இல் மேற்கு ஆப்பிரிக்காவிலும், 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவிலும் கண்டறியப்பட்டது. அதே ஆண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்கும் வந்துவிட்டது. 2020இல் ஆஸ்திரேலியா. ஒரே இரவில் நூறு கிலோமீட்டர்வரை பறக்கும் பூச்சி இது. பக்கத்து ஊரில் கண்டதாகச் செய்தி வந்தால், மறுநாள் காலையே உங்கள் வயல் குருத்துகளைப் பிரித்துப் பாருங்கள்.