ஜிடிபியை ஏஐ ஏஜென்ட்டிடம் ஒப்படைக்க: டிமக்ஸ் வழி

ஏஐ ஏஜென்ட் வழக்கமாக ஒரு கட்டளையை ஓட்டி, அது முடிந்ததும் வெளியீட்டை வாங்கிப் படிக்கும். ஜிடிபி (நிரலின் பிழைகளைத் தேட உதவும் டீபக்கர்), விம் (உரை எடிட்டர்), பைதான் ஷெல் எல்லாம் அப்படி முடிவதில்லை. நிரல் பதிலுக்குக் காத்திருக்கும், ஏஜென்ட் நிரல் முடியட்டும் என்று காத்திருக்கும், கடைசியில் டைம்அவுட்தான் மிச்சம். பைப்பில் கோத்தாலும் பல நேரம் சரிவராது: எதிரே டெர்மினல் இல்லை என்று தெரிந்தால் பல நிரல்கள் வெளியீட்டைப் பஃபரிலேயே சேர்த்துவைத்துக்கொள்ளும், சில ப்ராம்ப்டையே (அடுத்த கட்டளைக்குத் தயார் என்று காட்டும் குறி) காட்டாது. டான் லைப்ஸ் 1990-இல் எழுதிய எக்ஸ்பெக்ட் என்ற கருவி இந்தச் சிக்கலுக்கு வந்ததுதான். ஆனால் அடுத்து என்ன கேட்கும் என்பது அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். திரையைப் பார்த்து முடிவெடுக்கும் ஏஜென்ட்டுக்கு, டெர்மினலைப் பின்னணியில் ஓடவிட்டு வெளியிலிருந்து விசை அனுப்பவும் திரையைப் படிக்கவும் விடும் டிமக்ஸே தோதானது.

(கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

முதலில் ஏஜென்ட்டுக்கென்று தனி சாக்கெட், அதாவது தனி டிமக்ஸ் சர்வர். டிமக்ஸின் பெரிய எல் ஆப்ஷனில் ஒரு பெயர் கொடுத்தால் உங்கள் சொந்த செஷன்கள் பக்கம் ஏஜென்ட் போகாது. பிறகு நியூ-செஷன், -டி (பின்னணியில் திறக்க), -எஸ் டீபக் (செஷனின் பெயர்), -எக்ஸ் 200, -ஒய் 50 (அகலம், உயரம்). அளவு சொல்லாவிட்டால் 80-க்கு 24 என்று திறக்கும், ஜிடிபியின் நீள வரிகள் மடிந்து ஏஜென்ட்டைக் குழப்பும். செஷனில் பாஷ் ஓடட்டும், ஜிடிபியை அதற்குள் திறங்கள். நேரடியாக ஓட்டினால் ஜிடிபி விழுந்ததும் செஷனும் போய்விடும், கடைசி பிழைச் செய்தியும் அதோடு போகும்.

எழுத்துகளை அனுப்ப சென்ட்-கீஸ், கட்டாயம் சின்ன எல் ஆப்ஷனோடு. இல்லையென்றால் ‘ஸ்பேஸ்’, ‘என்டர்’ போன்ற சொற்கள் தனியாக வரும்போது விசைப்பெயராகிவிடும். என்டரை இன்னொரு சென்ட்-கீஸில் தனியாக அனுப்புங்கள். உரை அரைப்புள்ளியில் முடிந்தால் டிமக்ஸ் அதைத் தன் கட்டளைப் பிரிப்பான் என்று விழுங்கிவிடும். எஸ்க்யூஎல் எழுதுகிறவர்களுக்கு இது தினசரித் தொல்லை. அரைப்புள்ளிக்கு முன் ஒரு பேக்ஸ்லாஷ் போட்டு, ஷெல் அதை உரித்துவிடாமல் மேற்கோளுக்குள் வையுங்கள். திரையைப் படிக்க கேப்சர்-பேன் -பி, மடிந்த வரிகளைச் சேர்க்கப் பெரிய ஜே.

அனுப்புவதும் படிப்பதும் சுலபம். நிரல் எப்போது தயார் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பலர் இரண்டு நொடி ஸ்லீப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள், கனமான பைனரியில் அது உடனே உடையும். கடைசி வரியில் (ஜிடிபி) என்ற ப்ராம்ப்ட் வந்ததா என்று மட்டும் பார்த்தாலும் ஏமாறலாம், ஏனென்றால் விசைகள் போய்ச் சேருமுன் திரையில் நிற்பது பழைய ப்ராம்ப்ட். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: உரையை அனுப்பு, அது ப்ராம்ப்டுக்குப் பக்கத்தில் தெரியும்வரை 0.2 நொடிக்கு ஒருமுறை திரையைப் படி. தெரிந்த பிறகே என்டர். பிறகு வெற்று வரிகளை விட்டுக் கடைசி வரியில் வெறும் ப்ராம்ப்ட் மட்டும் நிற்கும்வரை படி. உரை தெரிந்த பிறகு என்டர் போவதால், வெறும் ப்ராம்ப்ட் கண்ணில் பட்டால் அது புதியதுதான். ஒவ்வொரு காத்திருப்புக்கும் ஓர் உச்சவரம்பு வையுங்கள். அதைத் தாண்டினால் ஏஜென்ட் இன்னொரு கட்டளையை அனுப்பக் கூடாது, திரையை மறுபடி படிக்க வேண்டும்.

சாதாரண ஷெல்லில் ப்ராம்ப்டை நம்ப வேண்டாம். கட்டளைக்குப் பின்னால் ஒரு குறிச்சொல்லையும் $?-ஐயும் (முந்தைய கட்டளையின் எக்ஸிட் கோடு, அதாவது அது வென்றதா தோற்றதா என்று சொல்லும் எண்) ஒட்டி எக்கோ செய்து, குறிச்சொல்லை ஒட்டி ஓர் எண் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். குறிச்சொல்லை மட்டும் தேடினால் நீங்களே அடித்த வரி மாட்டும், கட்டளை முடியுமுன்பே முடிந்ததாகத் தோன்றும். எண்ணைச் சேர்த்துத் தேடினால் எக்ஸிட் கோடும் கூடவே கிடைக்கிறது.

ஜிடிபி திறந்ததும் ‘செட் பேஜினேஷன் ஆஃப்’, ‘செட் கன்ஃபர்ம் ஆஃப்’ இரண்டையும் கொடுங்கள். நீளமான பேக்ட்ரேஸ் (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற பட்டியல்) பாதியில் நின்று என்டர் கேட்பதும், வெளியேறும்போது ‘உறுதியா’ என்று கேட்பதும் நின்றுவிடும். கிட்டுக்கு ‘நோ-பேஜர்’ ஆப்ஷன். இல்லாவிட்டால் நீண்ட வெளியீட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் திறந்துகொள்ளும். அது திறந்துகொண்டால் ஏஜென்ட் அனுப்பும் அடுத்த கட்டளையின் ஒவ்வோர் எழுத்தும் லெஸ்ஸுக்கு ஒரு கட்டளை. வி என்று போனால் எடிட்டரே திறந்துவிடும். பைதான் 3.13-இன் புது ஷெல் தானே இன்டென்ட் போடுவதால் பல வரிக் குறியீடு கோணிப்போகும். ‘பைதான்_பேசிக்_ரெப்ல்’ சூழல் மாறியை 1 ஆக்கிவிட்டுத் திறந்தால் பழைய ஷெல் வரும். விம்மில் எஸ்கேப்புக்குப் பின் 0.1 நொடி விடுங்கள், ஒட்டி வரும் எழுத்து ஆல்ட் விசையாகப் புரிந்துகொள்ளப்படலாம்.

சூடோ கடவுச்சொல் கேட்கும்போது அடித்தது திரையில் தெரியாது. மேலே சொன்ன சோதனை அங்கே முட்டி நிற்கும். நல்லதுதான்: கடவுச்சொல்லை ஏஜென்ட் அறியவே கூடாது. அது உங்களைக் கூப்பிடட்டும். நீங்கள் அதே சாக்கெட்டில் அட்டாச் செய்து அடித்துவிட்டு, கன்ட்ரோல்-பி, பிறகு டி அழுத்தி வெளியே வாருங்கள். அட்டாச் செய்ததும் திரை உங்கள் ஜன்னல் அளவுக்கு மாறிவிடும் என்பதால் ‘விண்டோ-சைஸ் மேனுவல்’ என்று முன்பே வைத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் அதே சாக்கெட்டில் கில்-சர்வர். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ப்ராசஸில் ஜிடிபியை இணைத்திருந்தால், அதற்கு முன் ‘டிடாச்’ கொடுக்கச் சொல்லுங்கள். ப்ராம்ப்டில் நிற்கும் நேரமெல்லாம் அந்த ப்ராசஸும் நின்றுதான் கிடக்கும்.