அஸெர்ட்டி லேப்டாப்ல விஎம் போடுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை சென்-அன்ட்ரேல நம்ம பசங்க மூணு பேரு லேப்டாப்ப தூக்கிட்டு வீட்டுக்கு வந்தாங்க, விண்டோஸ் மேல விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர ஓட்டுற சாஃப்ட்வேர், அந்த உள் கம்ப்யூட்டர் தான் விஎம்), அதுக்குள்ள லினக்ஸ், ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் பண்ண தப்பெல்லாத்தையும் வரிச மாறாம பண்றாங்க, பாத்துட்டு சும்மா இருக்க முடியல. இங்க ரீயூனியன்ல கடையில கிடைக்கிறது பிரெஞ்சு அஸெர்ட்டி கீபோர்டு, அமெரிக்க கீபோர்டுல க்யூ இருக்கிற இடத்துல இதுல ஏ இருக்கும், அதனால நமக்கு சிக்கல் கூட. லேஅவுட்ட (எந்த கீக்கு எந்த எழுத்துங்கிற அமைப்பு) தேர்ந்தெடுக்க மறக்கிற மாதிரி தப்பெல்லாம் சொல்லப்போறதில்ல, அது அஞ்சு நிமிஷத்துல உங்களுக்கே தெரிஞ்சிரும்.

ஒண்ணு மட்டும் முதல்ல மனசுல வெச்சுக்கோங்க. விஎம்முக்கு போறது எழுத்து இல்ல, கீ இருக்கிற இடத்தோட நம்பர். கேப்ஸ் லாக் 58, இடது கன்ட்ரோல் 29. அத எழுத்தா மாத்துறது உள்ள ஓடுற சிஸ்டம்.

ரெண்டு இடத்துல மாத்துறது

ஒரு தம்பி கேப்ஸ் லாக்கையும் கன்ட்ரோலையும் இடம் மாத்த விண்டோஸ் ரெஜிஸ்ட்ரில ஸ்கேன்கோட் மேப் (கீ நம்பர மாத்துற பட்டியல்) போட்டாரு, லினக்ஸுக்குள்ளயும் அதையே போட்டாரு. வெளிய மாறினது உள்ள போய் மறுபடி மாறி பழையபடியே நிக்குது, "அண்ணே வேலையே செய்யல"ங்கிறாரு. ஏதாவது ஒரு இடத்துல மட்டும் மாத்துங்க.

லேஅவுட்ட மாத்திட்டு டிஸ்க் பாஸ்வேர்ட மாத்துறது

இத நினைச்சா எனக்கு இன்னும் ஆறல. தைப்பூசத்துக்கு பாடுற காவடிப் பாட்டெல்லாம் ஒரு பெரியவரோட கையெழுத்து நோட்டுலருந்து ரெண்டு மாசமா விஎம்முக்குள்ள டைப் பண்ணி வெச்சிருந்தேன். டிஸ்க்க என்க்ரிப்ட் பண்ணி (பாஸ்வேர்ட் இல்லாம திறக்க முடியாதபடி பூட்டி), இன்ஸ்டால் பண்றப்ப அமெரிக்க லேஅவுட்டையே விட்டுட்டேன். அப்புறம் டெஸ்க்டாப் செட்டிங்ஸ்ல பிரெஞ்சுக்கு மாத்திட்டு, அங்க உக்காந்தே டிஸ்க் பாஸ்வேர்டையும் மாத்தினேன், அதுல ரெண்டு ஏ, ஒரு எம், கடைசில நம்பர். மறுநாள் பூட் ஆகுறப்ப பாஸ்வேர்ட் தப்புன்னு வருது, பத்து தடவ போட்டாலும் தப்பு. டெஸ்க்டாப்ல மாத்தினது டெஸ்க்டாப்போட சரி, பூட்ல வர அந்த பாஸ்வேர்ட் திரை இன்னும் அமெரிக்க லேஅவுட்ல தான் இருக்கு, நான் ஏ அமுக்கினா அது க்யூன்னு படிக்குது, எம் அமுக்கினா அரைப்புள்ளி, அஸெர்ட்டில நம்பருக்கு ஷிஃப்ட் வேணும், ஆனா இங்க ஷிஃப்ட் போட்டு நம்பர் அடிச்சா குறியா விழுது, திரையில தான் எதுவுமே தெரியாதே. டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணி விஎம்ம அழிச்சிட்டேன். மூணு வாரம் கழிச்சு தான் புரிஞ்சது, ஏக்கு பதிலா க்யூ கீ, எம்முக்கு பதிலா கமா கீ, நம்பர ஷிஃப்ட் இல்லாம அடிச்சிருந்தா அன்னைக்கே திறந்திருக்கும். டிஸ்க்குக்கு ஒண்ணுமே ஆகல. பெரியவர்கிட்ட திரும்பப் போய் நோட்ட வாங்கி முதல் பக்கத்துலருந்து ஆரம்பிச்சேன்.

அதனால கீபோர்ட தொடுறதுக்கு முன்னாடி ஒரு ஸ்னாப்ஷாட் (விஎம்மோட அப்போதைய நிலைய அப்படியே சேமிச்சு வைக்கிறது) எடுங்க. பழைய பாஸ்வேர்ட அழிக்காம புதுச கூட சேருங்க, லினக்ஸ்ல டிஸ்க்க என்க்ரிப்ட் பண்ற முறையான லுக்ஸ்ல பாஸ்வேர்டுக்கு நிறைய இடம் உண்டு, லுக்ஸ் 1ல 8 இடம் இருக்கு, லுக்ஸ் 2ல 32. ஏ, க்யூ, டபிள்யூ, இஸட், எம் இந்த அஞ்சும் இல்லாம, நம்பரும் குறியும் இல்லாம, மீதி எழுத்துல மட்டும் நீளமா ஒரு பாஸ்வேர்ட் வெச்சுக்கோங்க, அந்த எழுத்தெல்லாம் ரெண்டு லேஅவுட்லயும் ஒரே இடம். டெபியன்ங்கிற லினக்ஸ் வகையில சிஸ்டம் முழுக்க லேஅவுட்ட மாத்தினீங்கன்னா இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (பூட் ஆகுறப்ப முதல்ல ஏறுற சின்ன சிஸ்டம்) அப்டேட் பண்ணணும், இல்லேன்னா பூட் திரைக்கு அந்த மாத்தம் போய் சேராது. நேத்து அந்த மூணு பசங்கள்ல ஒருத்தர் இதே வழியில போய்ட்டிருந்தாரு, கைய பிடிச்சு நிறுத்தினேன்.

ஹோஸ்ட் கீ

விஎம்முக்குள்ள மாட்டின கீபோர்டையும் மவுஸையும் வெளிய எடுக்கிற கீ இது, விர்ச்சுவல்பாக்ஸ்ல வழக்கமா வலது கன்ட்ரோல். விஎம்முக்குள்ள அதுக்கு வேற வேல குடுக்காதீங்க. 2024லருந்து வர சில லேப்டாப்ல அந்த இடத்துல மைக்ரோசாஃப்டோட ஏஐ உதவியாளர திறக்கிற கோபைலட் கீ உக்காந்திருக்கு, அப்படின்னா விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸ்ல ஹோஸ்ட் கீய முதல்ல மாத்திட்டு அப்புறம் விஎம்ம திறங்க.

எஃப்என் கீ

இத மாத்துற வேலைய விட்டுடுங்க. பெரும்பாலான லேப்டாப்ல அது விஎம் வரைக்கும் வராது.

தமிழ்99

லினக்ஸோட தமிழ்99 லேஅவுட்டும் இடத்த வெச்சு தான் வேல செய்யுது. அஸெர்ட்டில க்யூன்னு அச்சடிச்ச கீ தான் அ, ஏ அமுக்கினா ஆ, எம் அமுக்கினா ந. பசங்க இதையும் கீ கீயா மாத்த ஆரம்பிச்சாங்க, வேண்டாம்னுட்டேன். மூணு லேப்டாப்லயும் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்திருக்கேன்.