முதலில் கத்தரி, அப்புறம் கேமரா: ரிட்டர்ன் விஷயத்தில் புது ஆன்லைன் வியாபாரிகள் செய்யும் தவறுகள்

எங்கள் சேலம் மாவட்டத்து இளம்பிள்ளைப் பக்கம் இப்போது தெருவுக்கு நாலு வீட்டிலாவது ஆன்லைன் சேலை வியாபாரம் நடக்கிறது. மீஷோ, ஃபிளிப்கார்ட், அமேசான், இன்ஸ்டாகிராம் என்று ஆளுக்கொரு கடை. தீபாவளி முடிந்து ரிட்டர்ன் மூட்டைகள் வந்து இறங்கும்போதுதான் யார் புதுசு என்று தெரியும். நாங்கள் ஆரம்பத்தில் சறுக்கிய அதே இடத்தில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். நல்ல கவரில் பேக் செய்யுங்கள், படத்தில் காட்டிய நிறத்தையே அனுப்புங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

எடுத்தவுடனே வாங்கியவரைச் சந்தேகப்படுவது

ரிட்டர்னில் இரண்டு ரகம் உண்டு. ஆர்டிஓ (ரிட்டர்ன் டு ஆரிஜின்) என்றால் பார்சல் வாங்கியவர் கைக்குப் போகவே இல்லை: கதவு பூட்டியிருந்தது, முகவரி தப்பு, கேஷ் ஆன் டெலிவரிக்குப் பணம் தர மறுத்துவிட்டார், இப்படி ஏதோ ஒன்று. கஸ்டமர் ரிட்டர்ன் என்றால் திறந்து பார்த்து, பிடிக்கவில்லை என்றோ குறை என்றோ திருப்பியது. ஆர்டிஓ கவருக்குள் வேறு சேலை இருந்தால் வாங்கியவரைத் திட்டிப் பயனில்லை. வழியில் மாறியிருக்கலாம், இல்லை நம் வீட்டிலேயே லேபிளை மாற்றி ஒட்டியிருக்கலாம். பண்டிகை நேரத்தில் இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது என்பது என் எண்ணம். ஆர்டிஓ பார்சலுக்கு 'கஸ்டமர் மாற்றிவிட்டார்' என்று தளத்திடம் நஷ்ட ஈடு கேட்டு கிளெய்ம் எழுதினால், டிராக்கிங்கைப் பார்த்ததும் அதைத் தள்ளிவிடுவார்கள்.

முதலில் கத்தரி, அப்புறம் கேமரா

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தனை பேர் பட்ட பிறகும் இது தொடர்கிறதே என்று இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

தவறு கத்தரிக்கு முன்பே ஆரம்பித்துவிடும். ரிட்டர்ன் கொண்டுவரும் பையன் அவசரத்தில் இருப்பான். சாக்கைத் திண்ணையில் கவிழ்த்துவிட்டு, "அண்ணா, ஓடிபி சொல்லுங்க" என்பான். நாமும் பார்சல் கட்டுகிற மும்முரத்தில் சொல்லிவிடுவோம். ஓடிபி சொன்ன நொடியில் அவன் பட்டியலில் இருக்கும் அத்தனையும் நம் கைக்கு வந்ததாகக் கணக்கு. அப்புறம் எண்ணிப் பார்த்து ஒன்று குறைகிறது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். எண்ணுங்கள், ஒவ்வொரு லேபிளையும் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். கிழிந்த கவர், டேப் மாறிய கவர் இருந்தால் அவன் நிற்கும்போதே படம் எடுங்கள். அவன் முகம் சுளிப்பான், சுளிக்கட்டும்.

இனி கத்தரி. பக்கத்துத் தெருவில் தறி வைத்திருக்கும் வீட்டுத் தம்பி ஒருவன், போன தீபாவளிக்குப் பிறகு வந்த ரிட்டர்ன் மூட்டையைக் கூடத்தில் பரப்பி, டிவி பார்த்துக்கொண்டே வரிசையாக வெட்டியிருக்கிறான். சேலைகள் ஒரு பக்கம், வெட்டிய கவர்கள் ஒரு பக்கம். பாதியில் ஒரு கவரில் இருந்து சாஃப்ட் சில்க்குக்குப் பதிலாக வெளுத்துப்போன பழைய நைலக்ஸ் சேலை வந்தது. எந்தக் கவரில் இருந்து வந்தது? குப்பைக் குவியலைக் கிளறி ஒரு கவரை எடுத்து, 'இதுதான்' என்று முடிவு செய்தான்.

அதற்கு மேல் அவன் செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பழைய சேலையைக் கவருக்குள் திணித்து, டேப் ஒட்டி, இப்போதுதான் பிரிப்பதுபோல வீடியோ எடுத்துக் கிளெய்ம் போட்டான். புது டேப்புக்கு அடியில் பழைய வெட்டு அப்பட்டமாகத் தெரிந்தது. கிளெய்ம் போச்சு. ஏமாற்றப்பட்டவன் அவன்தான், ஆனால் ஜோடித்த வீடியோவை அனுப்பி அவனே பொய்க்காரன் ஆகிவிட்டான். அதற்கப்புறம் ஒழுங்காக எடுத்து அனுப்பிய வீடியோவுக்கும் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள் என்று இப்போது புலம்புகிறான்.

கவர் வெட்டுப்பட்ட பிறகு வீடியோவுக்கு மதிப்பில்லை. மூடிய கவரில் இருந்தே, ஒரே ஓட்டமாக, நடுவில் நிறுத்தாமல் எடுக்க வேண்டும். லேபிளைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஏடபிள்யூபி எண் (கூரியரின் டிராக்கிங் எண்) தெளிவாகத் தெரிகிற வரை வைத்திருங்கள். அவசரத்தில் எல்லோரும் கோட்டைவிடுவது இங்கேதான். எண் மங்கலாக இருந்தால் மிச்சம் எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோஜனமில்லை. பிறகு கவரைச் சுற்றித் திருப்பி எல்லாப் பக்கத்தையும் டேப் ஒட்டிய இடங்களையும் காட்டுங்கள். டிஜிட்டல் தராசில் வையுங்கள். அனுப்பும்போதும் எடை போட்டு எழுதியிருந்தால், 'காலி கவர்தான் வந்தது' என்கிற புகாருக்கும் அதுவே பதில். அதற்கு மேல்தான் கத்தரி. வெட்டும்போது கவர் கேமராவின் பார்வையை விட்டு வெளியே போகக் கூடாது. செல்போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் வெட்டுகிறவர்களுக்கு இது வராது. ஒரு ஸ்டாண்டு வாங்குங்கள்.

உள்ளே சேலை இருந்தால் பலர் அங்கேயே வீடியோவை நிறுத்திவிடுகிறார்கள். நிறமும் டிசைனும் சரிதானே என்று ரேக்கில் வைத்தும் விடுகிறார்கள். முழுசாகப் பிரித்து, டேப் வைத்து அளந்து பாருங்கள். ரன்னிங் பிளவுஸோடு (சேலையோடு சேர்ந்தே வரும் பிளவுஸ் துணி) 6.30 மீட்டர் என்று விற்ற சேலை 5.50 மீட்டராக வந்து நிற்கும். பிளவுஸ் துணியை வெட்டி எடுத்துக்கொண்டு, ஓரத்தை நேராக மடித்து அனுப்பியிருப்பார்கள். மடிப்பைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முகூர்த்த நாளை ஒட்டி வரும் ரிட்டர்னில் தோள் மடிப்பு வரும் இடத்தில் பின் குத்திய துளை இருக்கும், கீழ்க்கரையில் ஃபால்ஸ் தைத்துப் பிரித்த ஊசித்தடம் இருக்கும், சென்ட் வாசனை வரும். வாசனையை வீடியோவில் காட்ட முடியாது. துளையையும் ஊசித்தடத்தையும் பக்கத்தில் போய்க் காட்ட முடியும். அனுப்பும்போதே டேக்கை முந்தானையில், கட்டினால் வெளியே தெரிகிற இடத்தில், தைத்து அனுப்பிவிட்டால் ஒரு நாள் கட்டிவிட்டுத் திருப்புகிற கூட்டம் கொஞ்சம் யோசிக்கும்.

இவ்வளவும் பார்சல் வந்த அன்றைக்கே முடிய வேண்டும். அமேசானில் சேஃப்-டி கிளெய்ம், ஃபிளிப்கார்ட்டில் எஸ்பிஎஃப் (செல்லர் புரொடெக்ஷன் ஃபண்ட்) என்று பெயர்தான் வேறு. கெடு எல்லா இடத்திலும் உண்டு. எத்தனை நாள் என்பதை அவ்வப்போது மாற்றுகிறார்கள். யாரோ சொன்னதை நம்பாமல் செல்லர் பேனலில் நீங்களே பாருங்கள். 'ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் பிரிச்சுக்கலாம்' என்று மூட்டையை மூலையில் போட்டவர்களுக்கு, வீடியோ எவ்வளவு நன்றாக இருந்தாலும் கெடு தாண்டியிருக்கும்.

வாங்கியவருக்கு போன் போட்டுச் சண்டை பிடிப்பது

வேண்டாம். தளத்தில் உங்கள் செல்லர் கணக்கு முடங்கலாம்.

'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்' என்று போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பது

இன்ஸ்டாகிராம் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது. பிடிக்கவில்லை, கலர் கொஞ்சம் வேற மாதிரி தோணுது என்கிற ரிட்டர்னுக்கு நீங்கள் விதி வைக்கலாம். அது ஆர்டருக்கு முன்பே தெரிய வேண்டும். குறையுள்ள பொருளுக்கு அந்த போர்டு செல்லாது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அமேசான், மீஷோ மாதிரி மார்க்கெட்பிளேஸ் தளங்களில் விற்பவர்களுக்கு 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன.

'ஓபனிங் வீடியோ இல்லாமல் எந்தப் புகாரும் ஏற்கப்படாது' என்று போடுவதும் இதே கதைதான். பொருள் குறைகிறது, கவர் காலி என்கிற புகாருக்கு வீடியோ கேட்பது நியாயம். நெசவில் இழை விட்டிருப்பதைப் படத்திலேயே காட்டுகிறவரிடம் வீடியோ கேட்டு மறுத்தால், அவர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்துப் புகார் கொடுப்பார். சந்தேகப்படுவதற்கும் ஓர் அளவு இருக்கிறது. புதுசாக வந்தவர்கள் முதல் அடி வாங்கியதும் வருகிற ரிட்டர்ன் எல்லாமே திருட்டு என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். பெரும்பாலானவை உண்மையிலேயே பிடிக்காமல் வந்தவைதான்.

பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்புவது

பேங்க் ஆப்பில் பணம் ஏறினால்தான் பணம். 'தெரியாம கூட ஒரு சைபர் போட்டு அனுப்பிட்டேன், மீதிய திருப்பி அனுப்புங்க' என்று வருகிற எஸ்எம்எஸ்ஸும் இதில் சேர்ந்ததுதான். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள்.

வந்த வழியை விட்டு வேறு வழியில் ரீஃபண்ட் கொடுப்பது

சொந்த வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய ஓட்டை. வாங்கியவர் கார்டில் கட்டியிருப்பார். ரிட்டர்ன் பேசும்போது, "கார்டுக்குப் போனா லேட் ஆகும், ஜிபேல போட்டுடுங்க" என்பார். நீங்களும் நல்ல மனசோடு போடுவீர்கள். கொஞ்ச நாள் கழித்து அவர் வங்கியில் இருந்து சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கும் கோரிக்கை) வரும். பேமென்ட் கேட்வே கணக்கில் நீங்கள் எதுவுமே திருப்பிக் கொடுக்கவில்லை என்றுதான் இருக்கும். ஜிபே ரசீதைக் காட்டி, அது இந்த ஆர்டருக்கான பணம்தான் என்று நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ரீஃபண்ட் பட்டனை அழுத்துங்கள், பணம் வந்த கார்டுக்கே திரும்பிப் போகட்டும். அவர் அவசரப்பட்டால் ரீஃபண்டின் ரெஃபரன்ஸ் எண்ணை அனுப்பிவையுங்கள்.

ரிட்டர்ன் வந்ததை அப்படியே அடுத்த ஆர்டருக்கு அனுப்புவது

பிளவுஸ் வெட்டிய சேலையைப் பார்க்காமல் வைத்து அடுத்தவருக்கு அனுப்பினால், அவர் சொல்லும் புகார் உண்மையானது. அதையும் மோசடி என்று நினைத்து மல்லுக்கு நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அளந்து, இஸ்திரி போட்டு, டேக் மாற்றாத எதுவும் புதுச் சரக்கு ரேக்குக்குப் போகக் கூடாது. கிளெய்ம் போட்ட சேலையை அதன் கவரோடும் லேபிளோடும் சேர்த்துக் கட்டி, முடிவு வரும் வரை தனியாக வையுங்கள். கூடுதல் படம் கேட்பார்கள், சில சமயம் பொருளையே கேட்பார்கள்.