மஸோன் க்ரீக் உருண்டைக்கற்கள்: உள்ளே இருப்பதை அடையாளம் காண்பது எப்படி?

சிகாகோவுக்குத் தென்மேற்கே, இல்லினாய் மாநிலத்தின் பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் கொட்டிவைத்த மண்மேடுகளில் மஸோன் க்ரீக் உருண்டைக்கற்கள் கிடைக்கின்றன. 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், ஆற்று முகத்துவாரச் சேற்றில் சட்டெனப் புதைந்த செடிகளையும் உயிர்களையும் சுற்றி சிடரைட் என்னும் இரும்புக் கார்பனேட் இறுகியதால் உண்டானவை இவை. மஸோனியா-பிரெய்ட்வுட் காப்பகத்தில் பொறுக்குவதற்கு மாநில இயற்கை வளத் துறையின் அனுமதி வேண்டும். பருவம் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை.

துருநிறத்தில், தட்டையாக, இரு பக்கமும் ஒத்த நீள்வட்டமாக இருப்பவற்றை எடுங்கள். பந்துபோல் திரண்டவை பெரும்பாலும் வெறுங்கல்தான்.

சுத்தியலை உடனே எடுக்காதீர்கள். ஓங்கி அடித்தால், உள்ளே இருக்கும் புதைபடிவத்தின் குறுக்கே கல் பிளந்துவிடும். பிளாஸ்டிக் டப்பாவில் கல் மூழ்கும்வரை நீர் ஊற்றி ஒரு வாரம் ஊறவிடுங்கள். பிறகு இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்து, மறுநாள் முழுதாக உருகவிட்டு, மீண்டும் உறையவையுங்கள். உறையும் நீர் விரிந்து, கல்லின் பலவீனமான தளத்தைத் திறக்கும். படிவம் கிடப்பதும் வழக்கமாக அந்தத் தளத்தில்தான். சில கற்கள் மூன்று சுற்றில் திறக்கும். சிலவற்றுக்குப் பல மாதம் ஆகும். விளிம்பைச் சுற்றி விரிசல் ஓடிய பிறகு மட்டும் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிய மறக்க வேண்டாம். சில்லு தெறிக்கும்.

திறந்ததும் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். வளையம் வளையமாகத் தெரியும் நிறப்பட்டைகள் கல் துருப்பிடித்ததன் அடையாளம், உயிர் அல்ல. வெள்ளையாகப் படிந்திருப்பது கேயோலினைட்டாக இருக்கலாம்; நுண்விவரம் அதில் பதிந்திருக்கும், தேய்த்து எடுக்காதீர்கள்.

செடியானால், சிற்றிலை காம்பில் சேரும் இடத்தை முதலில் பாருங்கள். புதியவர்கள் இலையின் மொத்த வடிவத்தைப் பார்த்தே ஏமாறுகிறார்கள். அடிப்பகுதி முழு அகலத்துக்கும் ஒட்டியிருந்து, பக்கங்கள் இணையாக ஓடினால் பெகாப்டெரிஸ் வகை. அடி குறுகி ஒரே புள்ளியில் தொட்டால் நியூராப்டெரிஸ் வகை. அடி காம்போடு கீழிறங்கி அடுத்த சிற்றிலையைத் தொட்டு, நடுநரம்பு ஆழமாகப் பதிந்திருந்தால் அலெத்தாப்டெரிஸ். நாக்கு வடிவப் பெரிய தனியிலையின் மேல் மயிர்போன்ற நுண்கோடுகள் இருந்தால் மேக்ரோநியூராப்டெரிஸ் ஷூக்ஸேரி. கணுவைச் சுற்றி நட்சத்திரமாக விரிவது அன்னுலேரியா. ஆப்பு வடிவ இலைகள், நடுநரம்பு இல்லை என்றால் ஸ்ஃபீனோஃபில்லம்.

விலங்குகளில் கிடைத்த இடமே பாதி விடை. இங்குள்ள உயிர்களை இரு தொகுதிகளாகப் பிரிப்பார்கள். பிரெய்ட்வுட் தொகுதி நிலமும் நன்னீரும் சார்ந்தது. எஸ்ஸெக்ஸ் தொகுதி கடல் சார்ந்தது. 11ஆம் குழி என்னும் பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் கற்கள் எஸ்ஸெக்ஸைச் சேர்ந்தவை. அங்கே அடிக்கடி வருவது எஸ்ஸெக்ஸெல்லா: ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் சொரசொரப்பு, நடுவே தெளிவான உறுப்பு எதுவும் இல்லாத திட்டு. நெடுங்காலம் சொறிமீன் எனக் கருதப்பட்ட இதைக் கடல் சாமந்தி என 2023இல் ஆய்வாளர்கள் மறுவிளக்கம் செய்தனர். கிடைத்த திட்டை, இல்லினாயின் மாநிலப் படிவமான டல்லி மான்ஸ்டர் (விசித்திர உடலமைப்பு கொண்ட, அழிந்துபோன கடல் விலங்கு) என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். நீண்ட முன்தண்டு, குறுக்குக் கம்பியின் இரு நுனியிலும் கண், வால் துடுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது தெளிவாகத் தெரிய வேண்டும்.

இரண்டு பாதிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியில் மறைந்த நரம்பு மறுபாதியில் இருக்கும். இரண்டிலும் ஒரே எண்ணை எழுதி, குழி, தேதி ஆகியவற்றைச் சீட்டில் குறியுங்கள். இனம் உறுதியில்லை என்றால் பேரினத்தோடு நிறுத்துங்கள். வழக்கத்துக்கு மாறான விலங்கு வந்தால் கழுவாமல், பசை தடவாமல், மஸோன் க்ரீக் சேகரிப்பு உள்ள சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகம் போன்ற இடத்தில் காட்டுங்கள்.