ராபின் ஸ்பையான கதை: எங்க ஆரம்பிச்சு எப்படி படிக்கிறது

ராபின்னா தெரியாதவங்க கிடையாது. பேட்மேன் பக்கத்துல பச்சை ஜட்டியும் மஞ்சள் கேப்பும் மாட்டிக்கிட்டு குதிச்சிட்டு இருப்பானே, நம்ம ஊர் பாஷைல சொன்னா ஹீரோவோட அல்லக்கை. அந்தப் பையன் வளர்ந்து ஆளாகி, முகமூடி கிழிஞ்சு, செத்துட்டான்னு எல்லாரும் அழுது முடிச்சதுக்கப்புறம் ஒரு உளவு அமைப்புக்குள்ள ஏஜென்ட் 37ங்கிற பேர்ல போய் உக்காந்த கதை ஒண்ணு டிசி காமிக்ஸ்ல இருக்கு. தொடர் பேரு வெறும் 'கிரேசன்'. 2014 ஜூலைல ஆரம்பிச்சு 2016 மே வரைக்கும் 20 இஷ்யூ, கூட மூணு ஆனுவல் (வருஷத்துக்கு ஒண்ணு வர்ற சிறப்பிதழ்), ஒரு தனி இஷ்யூ. நான் முதல் தடவை நேரா ஒண்ணாம் நம்பர்ல குதிச்சு, யாரு இவன், ஏன் இப்படி பொய் சொல்லிட்டு திரியறான்னே புரியாம மூடி வச்சிட்டேன். ஒரு வருஷம் கழிச்சு வேற வழியா உள்ள போனப்பதான் பிடிபட்டுச்சு. அந்த வழியத்தான் இங்க சொல்றேன். கதைய கொஞ்சம் உடைச்சுதான் சொல்ல முடியும், ஆனா பெரிய திருப்பம் எதையும் கெடுக்கல, கடைசில ஒரு இடம் மட்டும் வரும், அதுக்கு முன்னாடியே எச்சரிக்கை போட்டுடறேன்.

முதல்ல ஆளைப் பத்தி. டிக் கிரேசன், சர்க்கஸ் குடும்பத்துப் பையன், அப்பா அம்மா ரெண்டு பேரும் கயிறு அறுந்து கண்ணு முன்னாடியே விழுந்து சாகறாங்க, புரூஸ் வெய்ன், அதாவது பேட்மேன், எடுத்து வளர்க்கிறாரு. 1940ல டிடெக்டிவ் காமிக்ஸ் 38ல அறிமுகம். 1984ல ராபின் பேரை விட்டுட்டு நைட்விங்ங்கிற பேர்ல தனி ஹீரோ ஆகிட்டான். இவ்ளோ தெரிஞ்சா போதும். பழசு எல்லாத்தையும் படிச்சாதான் புரியும்னு யாராவது சொன்னா ஒரு கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க.

ஆனா ஒரு விஷயத்தை மட்டும் மனசுல நல்லா பதிச்சுக்கணும், இந்தத் தொடரோட மொத்த வண்டியும் அது மேலதான் ஓடுது. டிக் ஒரு திறந்த மனசுக்காரன். பேட்மேன் வீட்ல எல்லாரும் உம்முன்னு இருப்பாங்க, இவன் ஒருத்தன்தான் சிரிப்பான், ஜோக் அடிப்பான், எவனையும் நம்புவான், எல்லாருக்கும் ஃப்ரெண்டு. அப்படிப்பட்ட ஒருத்தனை பொய்யே தொழிலா இருக்கிற இடத்துல கொண்டு போய் விட்டா என்ன ஆவான்? சண்டை, துரத்தல், ரயில் மேல ஓடறது எல்லாம் இருக்கு, சூப்பராவும் இருக்கு, ஆனா அதை மட்டும் பாத்துட்டு போனீங்கன்னா பாதிக் கதை உங்க கைய விட்டுப் போயிடும்.

சரி, ஆரம்பம். ஃபாரெவர் ஈவில்னு 7 இஷ்யூ, ஜெஃப் ஜான்ஸ் எழுதினது. வேற உலகத்துல இருந்து ஜஸ்டிஸ் லீக்கோட (சூப்பர்மேன், பேட்மேன் எல்லாம் இருக்கிற ஹீரோ கூட்டணி) கெட்ட வடிவம் ஒண்ணு வந்து பூமியைப் பிடிச்சுடும், வந்ததும் பண்ற முதல் வேலைல ஒண்ணு நைட்விங்கோட முகமூடியக் கழட்டி உலகம் பூரா டிவில காட்டறது. முழுசா படிக்கணும்னு அவசியமில்ல, எனக்கு நடுவுல கொஞ்சம் இழுவையாத்தான் இருந்துச்சு. 1, 6, 7 மூணு மட்டும் பாருங்க. ஆறாவதுல டிக்கோட இதயத்தோட இணைச்ச ஒரு வெடிகுண்டு மெஷினை நிறுத்தறதுக்காக சூப்பர்மேனோட எதிரி லெக்ஸ் லூத்தர் என்ன பண்றான்னு பாத்துடுங்க, ஏழாவதுல அதுக்கு விடை. டிக் சாகல, ஆனா செத்துட்டான்னு வெளில எல்லாரும் நம்பறாங்க. ஒரு துணுக்கு, டிசி உண்மையிலேயே ஒரு தடவை இவனைக் கொல்ல பிளான் போட்டு வச்சிருந்தாங்க, 2005ல தொடங்கின இன்ஃபினிட் கிரைசிஸ் கதைல, அப்புறம் மனசு மாறி சூப்பர்பாயைக் கொன்னாங்க. ரசிகர்கள் அந்த பயத்துல இருந்து வெளியவே வரலன்றதால இந்த 'சாவு' வந்தப்போ என்ன கலவரமா இருந்திருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

அடுத்தது நைட்விங் தொடரோட 30வது இஷ்யூ. இதைத் தயவுசெஞ்சு தாண்டாதீங்க, நான் தாண்டினதுதான் நான் பண்ண தப்பு. கிரேசன் தொடர் இதுக்குள்ளதான் பிறக்குது, அதே எழுத்தாளர்கள், டிம் சீலியும் டாம் கிங்கும். பேட்மேனோட ரகசியக் குகையான பேட்கேவ்ல புரூஸும் டிக்கும் நேருக்கு நேர் அடிச்சுக்கறாங்க. பயிற்சின்னு நினைக்காதீங்க, நிஜ அடி. நீ செத்தவனாவே இரு, வீட்டு பட்லர் ஆல்ஃபிரட்கிட்ட சொல்லாத, பேட்கேர்ள் பார்பராகிட்ட சொல்லாத, உனக்கப்புறம் ராபினா இருந்த ஜேசன், டிம் யாருக்கும் தெரியக்கூடாது, ஸ்பைரல்ங்கிற அமைப்பு சூப்பர்ஹீரோக்களோட நிஜ முகங்களைச் சேகரிக்குது, நீ உள்ள போய்ப் பாரு, இதான் டிமாண்டு. அந்த நேரத்துல புரூஸோட மகன் டேமியன் செத்து ஒரு வருஷம்தான் ஆகியிருக்கு, புள்ளையைப் பறிகொடுத்த ஒரு அப்பன் இன்னொரு புள்ளையையும் பிணமா நடிக்கச் சொல்றான். பேட்மேன் பண்ணதுல ரொம்பக் கேவலமானது இதுதான்னு நான் நினைக்கிறேன், நீங்க படிச்சுட்டு முடிவு பண்ணுங்க, ஆனா அந்தச் சண்டையோட வலி உள்ள இறங்காம கிரேசன் 1ஐத் திறக்காதீங்க.

இப்ப மெயின் தொடர். முதல் இஷ்யூ ரஷ்யால ஒரு ரயில்ல தொடங்குது. இங்கேயே ரெண்டு மூணு பேரைக் குறிச்சு வச்சுக்கங்க. ஸ்பைரலோட தலைவர் மிஸ்டர் மைனோஸ், இவருக்கு முகமே தெரியாது, முகம் இருக்க வேண்டிய இடத்துல சுழல் மாதிரி ஒரு கலக்கல். அதுக்குக் காரணம் ஹிப்னாஸ்னு ஒரு கருவி, ஏஜென்ட்டுகளுக்கு உள்ள பொருத்திடுவாங்க, எதிர்ல நிக்கறவன் மூளைக்கு அவங்க முகம் பதியாது, கொஞ்சம் மனசைக் குழப்பவும் செய்யலாம். உலகத்துக்கே முகம் தெரிஞ்சு போன ஒருத்தன் எப்படிடா ஸ்பையா வேலை பாப்பான்னு ஒரு கேள்வி வருமில்ல, அதுக்கு இதான் பதில், கதைக்காரங்க நல்லாவே அடைச்சிருக்காங்க. அடுத்து ஹெலினா பெர்ட்டினெல்லி, டிக்கோட பார்ட்னர், இவனை விட நிதானமானவ, இவனை விட கடுமையானவ. அப்புறம் மிட்நைட்டர், தலைக்குள்ள கம்ப்யூட்டர் இருக்கிற சண்டைக்காரன், அடிக்கறதுக்கு முன்னாடியே சண்டையை லட்சம் தடவை மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துடுவான். அவனும் டிக்கும் மோதற இடமெல்லாம் நிறுத்திப் பாருங்க. மிகேல் ஹானின் வரையறது அப்படி, சில பக்கத்துல ஒரே படத்துக்குள்ள டிக் நாலஞ்சு தடவை வருவான், எங்க கால் வச்சு எங்க தாண்டி எங்க விழறான்னு கண்ணு அவன் கூடவே போகணும், அவசரமா புரட்டினா வெறும் கூட்டமாத் தெரியும்.

இன்னொரு பழக்கம் வச்சுக்கங்க. 'மிஸ்டர் மலோன்'னு யாரையோ கூப்பிட்டு டிக் ரிப்போர்ட் குடுக்கற கட்டம் அப்பப்போ வரும். மலோன்னா பேட்மேன்தான், மேட்சஸ் மலோன்ங்கிறது அவர் ரவுடி வேஷம் போட்டுப் போறப்போ வச்சுக்கற பழைய பேரு. டிக் தன்னை 'பேர்ட்வாட்சர்'னு சொல்லிக்குவான், ராபின்ங்கிறதே ஒரு பறவைதானே. மத்த எல்லார்கிட்டயும் பொய் பேசிட்டு இருக்கறவன் உண்மையா பேசற ஒரே இடம் அதுதான். அதனால அந்த வரிகளை மட்டும் மெதுவா படிங்க, எங்க ஜோக் அடிக்கிறான், எங்க ஜோக் நின்னு போகுதுன்னு பாருங்க.

மூணாவது இஷ்யூ முழுக்க துப்பாக்கியைச் சுத்தின கதை. பேட்மேன் வளர்த்த பையன் துப்பாக்கி தொடமாட்டான்ல, ஸ்பைரல்ல அது இல்லாம வேலை நடக்காது, அந்த முட்டல்தான். படிச்சு முடிச்சதும் ஒரு நாள் கேப் விடுங்க, கனமா இருக்கும். நாலாவது அதுக்கு நேர் எதிர், செம்ம ஜாலி, இங்கிலாந்துல செயின்ட் ஹேட்ரியன்ஸ்னு பொண்ணுங்க படிக்கிற ஒரு ஸ்கூல்தான் ஸ்பைரலோட மறைவிடம், அங்க டிக் வாத்தியார் வேஷத்துல இருக்கான், புது வாத்தியாரைப் பாக்க பொண்ணுங்க ராத்திரில கிளம்பறாங்க.

நாலு முடிஞ்சதும் ஃபியூச்சர்ஸ் எண்ட்னு பேர் போட்ட தனி இஷ்யூவை எடுங்க. வெளியானது ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல, 2014 செப்டம்பர், ஆனா நாலுக்கு அப்புறம் படிச்சாதான் ருசி. இது அஞ்சு வருஷம் தள்ளி எதிர்காலத்துல தொடங்கி பின்னாடி பின்னாடி போகற கதை, ஒவ்வொரு காட்சியும் முன்ன பாத்த காட்சிக்கு முன்னாடி நடந்தது. முதல்ல அச்சடிச்ச வரிசைலயே ஒரு தடவை, அப்புறம் கடைசிப் பக்கத்துல இருந்து முதல் பக்கத்துக்கு ஒரு தடவை. ரெண்டாவது தடவைதான் கிர்ருன்னு இருக்கும், எனக்கு இந்த மொத்தத் தொடர்லயே பிடிச்ச 20 சொச்சம் பக்கம் இதுதான். இதுக்குள்ள பேட்மேனும் டிக்கும் பேசிக்கற ரகசிய கோட் ஒண்ணு வரும், மறந்துடாதீங்க, 12ல அதுக்கு வேலை இருக்கு.

அஞ்சாவது பாலைவனக் கதை. டிக், ஹெலினா, மிட்நைட்டர், ஒரு கைக்குழந்தை, தண்ணி இல்ல, நடக்கறாங்க. வசனம் ரொம்பக் கம்மி. வில்லன் கூட இல்ல, ஆனா விடமுடியாது. அப்புறம் முதல் ஆனுவல், பிறகு 6லிருந்து 8 வரைக்கும் ஒரே மூச்சுல. எட்டோட ஒரு கட்டம் முடியுது. அங்க டிசியே எல்லாத் தொடரையும் ரெண்டு மாசம் நிறுத்தினாங்க, 2015 ஏப்ரல், மே, ஒன்பதாவது ஜூன்லதான் வந்துச்சு. நீங்களும் அங்க மூச்சு விட்டுக்கலாம்.

அந்த கேப்ல ஒண்ணு செய்யணும், பேட்மேன் தொடரோட 40வது இஷ்யூவை ஒரு பார்வை பாத்துடுங்க. புரூஸுக்கு அதுல நடந்ததால நினைவு போயிடுது, தான் பேட்மேனா இருந்ததே தெரியாம தாடி வச்சுக்கிட்டு திரிவாரு. இது தெரியாம ஒன்பதுக்குப் போனா மலோன் பக்கத்துல இருந்து பதிலே வராதது ஏன்னு புரியாது. தெரிஞ்சு போனா கதை வேற மாதிரி ஆயிடும், உள்ள அனுப்பினவனுக்கே இவனை ஞாபகம் இல்ல, இவன் ஸ்பைன்னு சாட்சி சொல்ல ஆள் இல்ல. டாம் கிங் எழுத வர்றதுக்கு முன்னாடி நிஜமாவே சிஐஏல தீவிரவாத எதிர்ப்புப் பிரிவுல வேலை பாத்தவரு. வேவு பாக்கறவனுக்கு வர்ற பெரிய பயம் துப்பாக்கி இல்ல, மறக்கப்படறதுதான்னு இந்தப் பகுதி நினைக்க வைக்குது, அவர் அனுபவம் அதுல எவ்ளோ இருக்குன்னு நான் சொல்ல முடியாது, ஆனா வாசனை அடிக்குது.

9, 10, 11 படிச்சுட்டு 12. டிக் பேட்மேனோட ஊரான காத்தம் திரும்பறான். இதைப் பத்தி அதிகம் சொல்ல மாட்டேன். ஜேசன், டிம், பார்பரா, டேமியன் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி வரவேற்கறாங்க, சிலது அடி, சிலது அணைப்பு. டேமியன் திரும்ப உயிரோட வந்தது டிக்குக்குத் தெரியாது, டிக் உயிரோட இருக்கறது டேமியனுக்குத் தெரியாது, இவங்க ரெண்டு பேரும் 2009ல இருந்து கொஞ்ச காலம் டிக் பேட்மேனாவும் டேமியன் ராபினாவும் சேந்து சுத்தினவங்கன்னு மட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு அந்தப் பக்கத்தைத் திருப்புங்க. பஸ்ல வச்சு படிக்க வேணாம்.

அதுக்கப்புறம் சூப்பர்மேன் வர்ற ரெண்டாவது ஆனுவல், பிறகு 13, 14. இதுல டைகர்னு காந்தஹார்க்காரன் ஒருத்தன் டிக்கோட ஜோடி சேருவான், ஸ்பைரலோட ஏஜென்ட் 1, டிக்கைப் பாத்தாலே முட்டாள்னு திட்டுவான், இவங்க காமெடி தனி ரகம். 15 வந்து ராபின் வார்ங்கிற வேற கதையோட நடுத்துண்டு, அதை மட்டும் தனியா படிச்சா தலையும் புரியாது வாலும் புரியாது, தாண்டிடுங்க. 16ல டிக் தனக்குத்தானே ஒரு ஸ்பை பட தீம் பாட்டு பாடிக்கிட்டே ஆளுங்களை அடிச்சுப் போடுவான். ராணி காமிக்ஸ்ல ஜேம்ஸ் பாண்ட் படிச்சு வளர்ந்த ஆளுங்களுக்கு இந்த இஷ்யூ விருந்து.

17ஓட சீலியும் கிங்கும் கிளம்பிடறாங்க. 18, 19, 20 வேற டீம், ஜாக்சன் லான்சிங், காலின் கெல்லி. மோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா அவசர அவசரமா முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கி வச்சுட்டு படிங்க. இந்த இடத்துல முடிவைத் தெரிஞ்சுக்க வேணாம்னா அடுத்த வரியைத் தாண்டிடுங்க. ஸ்பைரலோட சாட்டிலைட்டை வச்சே உலகத்தோட மனசுல இருந்து டிக் கிரேசன்தான் நைட்விங்ங்கிற விஷயத்தை அழிச்சுடறாங்க, அதனாலதான் அவன் பழையபடி முகமூடி மாட்ட முடியுது. மூணாவது ஆனுவலை இதுக்கப்புறம் படிக்கலாம், மந்திரவாதி கான்ஸ்டன்டைன், ஜோக்கரோட பழைய கூட்டாளி ஹார்லி குவின்னு ஆளாளுக்கு இவனைப் பத்தி ஒரு கதை சொல்றாங்க, லேசா இருக்கும்.

வாங்கறவங்களுக்கு, இது அஞ்சு தொகுப்பு புத்தகமா வந்துச்சு, 2017ல எல்லாம் சேத்து ஆம்னிபஸ்னு ஒரே குண்டு புத்தகமாவும் போட்டாங்க. எதை எடுத்தாலும் உள்ளடக்கப் பக்கத்துல நைட்விங் 30 இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அதை டிஜிட்டல்ல தனியா வாங்கிக்கங்க.

இதே மாதிரி வேற கதைன்னு எல்லாரும் கேப்டன் அமெரிக்காவோட பக்கியைக் கைகாட்டுவாங்க, 2005ல எட் பிரூபேக்கர் அவனை வின்டர் சோல்ஜரா திருப்பிக் கொண்டு வந்தது. அதுவும் செத்துட்டான்னு நினைச்ச ஒரு ஹீரோவோட அல்லக்கைதான், அதுவும் உளவு உலகம்தான். ஆனா பக்கியோட மூளையைக் கழுவி அனுப்பினாங்க, அவனுக்கு அங்க வேற வழி கிடையாது. டிக் முழு நினைவோட, தெரிஞ்சே, வளர்த்தவன் கேட்டான்னு போறான். ரெண்டையும் அடுத்தடுத்து படிச்சா பக்கி மேல பரிதாபம் வரும், டிக் மேல கோவம் வரும், அந்தக் கோவம் கொஞ்சம் கொஞ்சமா புரூஸ் பக்கம் திரும்பும்.

20 முடிச்சு ஏக்கமா இருந்தா 2015ல வந்த மிட்நைட்டர் தொடர்ல 4, 5 எடுங்க, டிக் விருந்தாளியா வர்றான். அதுக்கப்புறம் 2016ல மறுபடி தொடங்கின நைட்விங் ரீபர்த், எழுதினது அதே டிம் சீலிதான்.