நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேர்வது எப்படி: வடுவூர் ஏரியை முன்வைத்து

திருவாரூர் மாவட்டத்தின் வடுவூர் ஏரிக்கரைக்கு முதன்முறையாகக் கணக்கெடுக்கச் சென்ற அன்று, கோரைப் புதரை ஒட்டி மிதந்துகொண்டிருந்த சீழ்க்கைச் சிரவி வாத்துக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, குறிப்பேட்டில் "ஏறத்தாழ 500" என்று எழுதினேன். கால்மணி நேரம் கழித்துச் சேற்றுப்பூனைப் பருந்து ஒன்று தாழப் பறந்து வர, அந்தக் கூட்டம் மொத்தமாக எழும்பியது. உடன் வந்த நண்பர் எடுத்த படத்தை வீட்டில் கணினியில் விரித்து, ஒவ்வொரு பறவையின் மேலும் புள்ளி வைத்து எண்ணியபோது 1,140 வந்தது. பாதிக்கும் குறைவாக எழுதியிருந்தேன் என்பதைவிட, அந்த 500 எந்த முறையில் வந்தது என்று கேட்டால் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. அந்த உறுத்தலைச் சரிசெய்துகொண்ட விதத்தையே இங்கு படிப்படியாக எழுதுகிறேன்.

காவிரி டெல்டாவில் இயற்கைப் பாதுகாப்புக்குத் தோள் கொடுக்க விரும்புகிறவருக்கு வேறு வேலைகளும் உண்டு. கோடியக்கரைப் பக்கம் கடலாமை முட்டைகளைக் காக்கும் பணி நடக்கிறது; முத்துப்பேட்டையில் அலையாத்திக் கன்று நடுவதும், அதற்காக மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டுவதும் உண்டு. ஆனால் இவை இரண்டும் வனத்துறையின் அனுமதியோடும் வழிகாட்டுதலோடும் மட்டுமே செய்யத்தக்கவை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள கடலாமையின் முட்டையை நல்லெண்ணத்தோடு தொட்டாலும், அனுமதி இல்லையென்றால் அது குற்றம். பறவைக் கணக்கெடுப்பு அப்படியன்று. கரையில் நின்று கண்ணால் பார்த்து எழுதுகிற வேலை. புதியவர் முதல் நாளிலேயே பயன்படக்கூடிய பணி இதுவே என்பது என் கருத்து.

எப்போது, யாரிடம் சேர்வது

வடுவூர் ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் உதயமார்த்தாண்டபுரம் சரணாலயத்தோடு சேர்ந்து, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மேட்டூர் அணையிலிருந்து வரும் காவிரி நீரும் வடகிழக்குப் பருவமழையும்தான் ஏரியை நிரப்புகின்றன. ஆகவே ஐப்பசிக்குப் பிறகே கூட்டம் சேரும். கோடையில் சென்று வெறும் சேற்றைப் பார்த்துவிட்டு வந்து வருந்த வேண்டாம்.

சேர்வதற்கு மூன்று வழிகள் உள்ளன. வனத்துறை மாநிலம் முழுவதும் ஒரே சமயத்தில் நடத்தும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு ஒன்று. அதற்கான அறிவிப்பு நாளிதழ்களில் வரும், வனச்சரக அலுவலகத்தில் மார்கழியிலேயே பெயர் கொடுத்து வைப்பது நல்லது. 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இரண்டாவது. பொங்கல் விடுமுறை நாள்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு மூன்றாவது. இதற்கு யாரிடமும் பெயர் கொடுக்க வேண்டியதில்லை, உங்கள் வீட்டுக் கொல்லையில் நின்று கால்மணி நேரம் பார்த்தாலும் போதும். பொங்கலன்று கொல்லையில் தொடங்கி, பிறகு ஏரிக்கு வருவதே நான் பரிந்துரைக்கும் வரிசை.

கொண்டு செல்ல வேண்டியவை

பைனாகுலரில் 8x42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முகப்பு வில்லை) என்று குறிக்கப்பட்டதை வாங்குங்கள். கடைக்காரர் 10x50ஐயே எடுத்துக் காட்டுவார். பெருக்கம் கூடினால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும், பார்வைப் பரப்பும் சுருங்கும், அரைமணி நேரத்தில் கழுத்து கடுக்கும். எண்ணுகிற வேலைக்குப் பறவை பெரிதாகத் தெரிவதைவிடக் கூட்டம் முழுதாகத் தெரிவதே தேவை.

குறிப்பெடுக்கப் பென்சிலும் கெட்டி அட்டை நோட்டும் போதும். தை மாதப் பனியில் கைப்பேசித் திரை ஈரமாகி விரலுக்குப் பணியாது. பேனா மை கசியும். கரையெங்கும் கருவேல முள் கிடப்பதால் ரப்பர் செருப்போடு வராதீர்கள். வெள்ளைச் சட்டையும் வேண்டாம்.

வீட்டில் ஒரு வாரம்: உளுந்துப் பயிற்சி

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல ஆசை வரும். நானும் தாண்டினேன், அதன் விலைதான் மேலே சொன்ன 500. முழுக் கறுப்பு உளுந்தில் ஒரு கைப்பிடியை யாரையாவது விட்டுத் தாம்பாளத்தில் வீசச் சொல்லுங்கள். ஐந்து விநாடி பாருங்கள், எண்ணிக்கையைச் சொல்லுங்கள், பிறகு உட்கார்ந்து எண்ணுங்கள். முதல் நாள் என் அம்மா வீசியதைப் பார்த்து 180 என்றேன். எண்ணியபோது 273 இருந்தது. அடுத்தடுத்த நான்கு முறையும் குறைவாகவே சொன்னேன். கூட்டம் பெருகப் பெருகக் கண் குறைத்தே மதிப்பிடுகிறது. புதியவர் பெரும்பாலோருக்கு இதே கதைதான். ஒரு வாரப் பயிற்சியில் பத்தில் ஒரு பங்குப் பிழைக்குள் வந்துவிடலாம். ("எண்ணி முடிச்ச உளுந்த களைஞ்சு ஊறப் போடு தம்பி" என்று அம்மா சொல்வது தனி.)

கரையில்: கூட்டத்தை எண்ணுவது

காலை 6.30 மணிக்குக் கரையில் இருங்கள். தஞ்சாவூர்–மன்னார்குடிப் பேருந்துகள் வடுவூர் வழியாகவே செல்கின்றன. சூரியன் முதுகுப்புறம் இருக்கும்படி நிற்பது முதல் விதி. எதிர்வெயிலில் கிளுவை வாத்தும் நாமக்கோழியும் ஒரே கறுப்புப் பொட்டாகத் தெரியும்.

ஏரியைக் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களைக் கொண்டு பகுதிகளாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு பகுதி என்று ஒதுக்கிக்கொள்ள வேண்டும். குழுவில் ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத வேண்டும்; எழுதுபவர் கேட்ட எண்ணை உரக்கத் திருப்பிச் சொல்வது கட்டாயம். காற்று வீசும்போது "எழுபது" என்பது "எண்பது" என்று காதில் விழுவது எங்களுக்கு ஒரே காலையில் இருமுறை நடந்தது.

இனி, என்னைத் தடுக்கி விழச் செய்த இடத்துக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டு, உளுந்துப் பயிற்சி எல்லாம் முடித்துவிட்டு, பெரிய கூட்டத்தை ஒன்று, இரண்டு என்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபதைத் தாண்டும்போது பறவைகள் இடம் மாறும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, தலைதலையா எண்ணுனா பொழுது போயிரும். பத்து உருப்படி எம்புட்டு எடம் அடைக்குதுன்னு பாருங்க, அப்புறம் எடத்த எண்ணுங்க" என்றார். பறவை நோக்குவோரின் கையேடுகள் தொகுதி முறை என்று சொல்வது இதைத்தான்.

முறை இதுதான். கூட்டத்தின் ஒரு பகுதியில் பத்துப் பறவைகளைச் சரியாக எண்ணுங்கள். அவை அடைக்கும் பரப்பை மனத்தில் பதித்துக்கொண்டு, அதேபோல் பத்துப் பரப்புகளைச் சேர்த்து நூறு எவ்வளவு இடம் கொள்கிறது என்று பாருங்கள். பிறகு அந்த நூற்றைக் கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, நாழியால் நெல் அளப்பதுபோல் நகர்த்திக்கொண்டே செல்லுங்கள். மாதிரிப் பத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில்தான் பிழை ஒளிந்திருக்கிறது. கூட்டத்தின் ஓரம் எப்போதும் கலைந்தும் நடு நெருங்கியும் இருக்கும். ஓரத்தில் எடுத்த பத்தைக் கொண்டு நடுவை அளந்தால் கணக்குக் குறையும். ஆகவே ஓரத்துக்கு ஒரு மாதிரி, நடுவுக்கு ஒரு மாதிரி என இரண்டு எடுத்துக்கொள்கிறேன். மூன்று முறை அளந்து மூன்று எண்களையும் எழுதிவைத்து, அவற்றின் நடு எண்ணை எடுத்துக்கொள்கிறேன்.

முக்குளிப்பானுக்கு இது செல்லாது. எந்த நொடியிலும் சில நீருக்கடியில் இருக்கும் என்பதால், சில நிமிட இடைவெளியில் மூன்று முறை எண்ணி, கிடைத்ததில் அதிகமானதை எழுதுங்கள். கூட்டம் ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குப் பறந்தால் நேரத்தையும் திசையையும் குறித்து, அடுத்த குழுவுக்குத் தெரிவியுங்கள். இல்லையேல் அதே பறவைகள் இரண்டு தாள்களில் ஏறிவிடும்.

வெள்ளைக் கொக்குகளைப் பிரிப்பதில் புதியவர் அஞ்ச வேண்டியதில்லை. கறுத்த அலகும் மஞ்சள் விரல்களும் என்றால் சின்னக் கொக்கு. குட்டைக் கழுத்தும் மஞ்சள் அலகும் என்றால் உண்ணிக்கொக்கு. வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டால் பெருங்கொக்கு. தொலைவில் இவை எதுவும் தெரியவில்லையென்றால் "கொக்கு, இனம் தெரியவில்லை, 40" என்று எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதிய தாளைப் பார்த்து அனுபவசாலி எவரும் சிரிக்க மாட்டார்.

எண்ணிக்கையில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பவருக்கு: ஒரு நீர்நிலையில் தொடர்ந்து 20,000 நீர்ப்பறவைகள் தங்கினாலோ, ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கு அங்கே தங்கினாலோ, அது ராம்சார் பட்டியலுக்குத் தகுதி தரும் அளவுகோல்களில் ஒன்றாகும். நாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் 500, அந்த அளவுகோலைத்தான் போய்ச் சேருகிறது.

வீடு திரும்பிப் பதிவேற்றுவது

பறவைப் பட்டியல்களைப் பதிவேற்ற ஈபேர்டு (eBird) செயலியைப் பரிந்துரைக்கிறேன். பறவையை அடையாளம் காண மெர்லின் (Merlin) என்ற செயலி உதவும். ஆனால் அது ஒலியைக் கேட்டுச் சொன்ன பெயரை, நீங்கள் பார்த்தோ கேட்டோ உறுதி செய்யாமல் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

பட்டியலின் முடிவில், அடையாளம் தெரிந்த பறவைகள் அனைத்தையும் பதிந்துவிட்டீர்களா என்று ஒரு கேள்வி வரும். "ஆம்" என்று தட்டுவதற்கு முன் நின்று யோசியுங்கள். கரண்டிவாயனையும் மஞ்சள் மூக்கு நாரையையும் எழுதிவிட்டு, காகத்தையும் மைனாவையும் "இதென்ன பெரிய பறவை" என்று விட்டுவிட்டு, நான் முதல் ஆண்டு முழுதும் "ஆம்" தட்டியிருக்கிறேன். அந்தப் பட்டியலைப் படிக்கும் ஆய்வாளருக்கு அன்று வடுவூரில் காகமே இல்லை என்றுதான் பொருள்படும். பிறகு ஒரு மாலை உட்கார்ந்து பழைய பட்டியல்கள் அனைத்திலும் விடையை "இல்லை" என்று திருத்தினேன்.

எண்ணுக்குப் பதிலாக "இருந்தது" என்பதை மட்டும் குறிக்கும் பெருக்கல் குறியை இட அந்தச் செயலி இடம் தருகிறது. சோம்பலுக்கு அது நல்ல துணை. தோராயமாக இருந்தாலும் ஓர் எண்ணை இடுங்கள். பக்கத்தில் உள்ள குறிப்புப் பெட்டியில் "தொகுதி முறை, மூன்று அளவீடுகளின் நடு எண்" என்று எழுதுங்கள். பெரிய எண்களுக்குச் செயலி விளக்கம் கேட்கும்போது இந்த ஒரு வரி உதவும்.

பிற்சேர்க்கை 1: மன்னார்குடிப் பேருந்து நிலையத்திலேயே ஆர்வத்தோடு பட்டியலைத் தொடங்கிவிட்ட வாசகர் ஒருவருக்குப் பேருந்துப் பயணமும் நடந்த தூரமாகப் பதிவாகி, பறவைகளெல்லாம் பேருந்து நிலையத்தில் கண்டவையாக வரைபடத்தில் உட்கார்ந்துவிட்டன. கரையில் கால் வைத்த பிறகே பட்டியலைத் தொடங்குங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, ஏற்கெனவே பொது இடமாகப் பதியப்பட்டுள்ள வடுவூர்ப் பறவைகள் சரணாலயத்தையே தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே தவறிவிட்டால், இணையதளத்தில் பட்டியலைத் திறந்து இடத்தையும் தூரத்தையும் நேரத்தையும் திருத்திக்கொள்ளலாம்.

பிற்சேர்க்கை 2: காலில் வளையம் உள்ள பறவையைக் கண்டால் என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தினர் பறவைகளுக்கு வளையமிட்டு ஆய்வு செய்துவருகிறார்கள். வளையத்தின் நிறம், எந்தக் கால், படிக்க முடிந்த எழுத்துகள், நாள், இடம் ஆகியவற்றைக் குறித்து, முடிந்தால் படத்தோடு அந்தச் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். படமெடுக்கப் பறவையைத் துரத்த வேண்டாம். எண் முழுதாகத் தெரியாவிட்டாலும் நிறமும் காலும் தெரிந்தால் அனுப்புங்கள். இறந்தோ நோயுற்றோ கிடக்கும் பறவையைக் கையால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, சரணாலயத்தில் பணியில் இருக்கும் வனக்காப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.