எட்டு வாரத்துக்குள் நாய்க்குட்டியைப் பழக்குவது எப்படி?

மனிதரோடும் புதிய இடங்களோடும் ஒரு நாய் எவ்வளவு இயல்பாகப் பழகும் என்பதைப் பெரிதும் முடிவு செய்யும் காலம், அது பிறந்த மூன்றாம் வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டாம் வாரத்தை ஒட்டி முடிகிறது. எட்டாம் வாரத்தில் குட்டி கைமாறுகிறது என்று கொண்டால், அந்த ஒன்பது வாரங்களில் ஐந்து வாரங்கள் வளர்ப்பாளரிடமே கழிந்துவிடுகின்றன. வாங்கியவர் பின்னர் எத்தனை பயிற்சியாளரிடம் அழைத்துச் சென்றாலும், இந்த ஐந்து வாரங்களில் விட்டுப்போனதை முழுமையாக ஈடுகட்டுவது கடினம். 1961-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வேலியிட்ட வெளியில் மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்ந்த குட்டிகளை வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் வெளியே எடுத்துப் பழக்கிப் பார்த்தார்கள். பதினான்கு வாரம் வரை அந்த வாய்ப்பே கிடைக்காத குட்டிகள் மனிதரைக் கண்டாலே காட்டு விலங்குகளைப் போல ஒதுங்கின. அதன்பின் அவற்றைப் பழக்குவதும் பெரும்பாடாகவே இருந்தது.

இதை அறிந்த வளர்ப்பாளர்களில் சிலர், பார்க்க வேண்டியவற்றுக்கு நீண்ட பட்டியல் போட்டு, எல்லாவற்றையும் குட்டியின் முன் அவசரமாகக் கொண்டுவந்து குவிக்கிறார்கள். குட்டி எத்தனை பொருளைப் பார்த்தது என்ற கணக்கு எதையும் காட்டாது. மிரண்ட குட்டி எவ்வளவு விரைவில் தெளிந்து, மிரட்டிய பொருளிடமே தானாகத் திரும்பி வருகிறது என்பதே சரியான அளவுகோல். கீழே சொல்லப்படும் முறைகள் அனைத்தும் இந்த அளவுகோலை வைத்தே அமைந்தவை.

முதல் இரண்டு வாரங்களில் பழக்குவதற்கு அதிகம் இல்லை. உயிரைக் காப்பதே வேலை. பிறந்த குட்டியால் தன் உடல்வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது என்பதால், முதல் வாரத்தில் ஈனும் பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இருக்க வேண்டும். பிறகு வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்து, நான்காம் வாரத்தில் 21 முதல் 24 டிகிரிக்குக் கொண்டுவரலாம். விளக்கையோ வெப்பமூட்டும் விரிப்பையோ பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தால், சூடு மிகுந்தபோது குட்டிகள் மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து முனகினால் குளிர்கிறது என்றும், தனித்தனியே விலகிக் கிடந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் மிகுந்துவிட்டது என்றும் கொள்ளலாம். தாய் புரண்டு படுக்கும்போது குட்டிகள் சுவரோடு நசுங்காமலிருக்க, பெட்டியின் உட்புறச் சுவர்களை ஒட்டிச் சற்று உயரத்தில் தடுப்புக் கம்புகள் பொருத்துவது அவசியம்.

ஒவ்வொரு குட்டிக்கும் வெவ்வேறு நிறப் பட்டை கட்டி, நாள்தோறும் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். முதல் நாளில் எடை சற்றுக் குறையலாம். அதன்பின் தினமும் ஏறி, ஏழு முதல் பத்து நாளில் பிறந்த எடையைப் போல இருமடங்காக வேண்டும். எடை ஒரு நாள் ஏறாமல் நின்றாலே அந்தக் குட்டியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். முதல் நாளுக்குள், அதிலும் முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள், ஒவ்வொரு குட்டியும் சீம்பால் குடித்ததா என்று பார்ப்பது முக்கியம். தாயிடமிருந்து வரும் நோய் எதிர்ப்பாற்றலில் பெரும்பகுதி அதன் வழியாகவே கிடைக்கிறது. உடல் சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டக் கூடாது. அந்நிலையில் குடல் இயங்காது என்பதால், முதலில் மெதுவாகச் சூடேற்றிய பிறகே பால் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் நாளிலிருந்து பதினாறாம் நாள் வரை குட்டியின் விரலிடுக்கைப் பஞ்சுக் குச்சியால் வருடுவது, தலை மேலாகவும் பின்னர் தலை கீழாகவும் பிடிப்பது, மல்லாத்தி வைப்பது, ஈரத்துணியின் மேல் நிற்க வைப்பது என ஐந்து செயல்களைச் சில விநாடிகள் மட்டும் செய்யும் முறை ஒன்று வளர்ப்பாளரிடையே புகழ்பெற்றது. கையில் எடுப்பதும் எடை பார்ப்பதும் நகம் வெட்டுவதுமாக ஏற்கெனவே நாள்தோறும் தொட்டுப் பழக்கப்படும் குட்டிகளுக்கு இதனால் கூடுதல் பலன் உண்டு என்பது உறுதிப்படவில்லை. விரும்புவோர் செய்யலாம், செய்தால் நேர வரம்பை மீறக் கூடாது, தினமும் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். நகம் வெட்டுவதை மட்டும் வாரந்தோறும் எல்லோரும் செய்தாக வேண்டும், ஏனெனில் கூரிய நகங்கள் தாயின் மடியைக் கீறிப் புண்ணாக்கும்.

பத்து முதல் பதினான்கு நாளில் கண் திறக்கிறது. அதைத் தொடர்ந்து, மூன்றாம் வாரத்துக்குள், காதும் திறந்து ஓசைக்குக் குட்டி திடுக்கிடத் தொடங்குகிறது. அப்போது முதல் பெட்டியை வீட்டின் நடமாட்டம் உள்ள பகுதிக்கு மாற்றுங்கள். பாத்திர ஓசை, கதவு மூடும் சத்தம், பேச்சு, தூசி உறிஞ்சும் கருவியின் இரைச்சல் ஆகியவற்றைத் தொலைவிலிருந்து மெல்லிய அளவில் கேட்கச் செய்து, குட்டிகள் தம் விளையாட்டை நிறுத்தாமல் தொடரும் அளவை எல்லையாக வைத்துக்கொண்டு நாள்தோறும் சிறிது கூட்டலாம். இடி, பட்டாசு போன்றவற்றின் ஒலிப்பதிவுகளுக்கும் இதே விதிதான். பெட்டிக்கு வெளியே பாய், ரப்பர் விரிப்பு, மரப்பலகை, புல் என வெவ்வேறு தரைகளை விரித்து, ஓர் அட்டைப்பெட்டியையும் சிறு சரிவுப் பலகையையும் வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள்; குட்டியைத் தூக்கி அதன்மேல் வைக்க வேண்டாம். ஏறுவதா வேண்டாமா என்று அதுவே முடிவு செய்து ஏறும்போதுதான் தன் உடலின்மேல் நம்பிக்கை வருகிறது.

கழிவுப் பழக்கத்துக்கும் அடிப்படை இந்த வயதில்தான். மூன்று வாரம் வரை தாய் நக்கித் தூண்டினால்தான் சிறுநீரும் மலமும் வெளியேறும். அதன்பின் குட்டிகள் தாமாகவே படுக்கையை விட்டு விலகிப் போகத் தொடங்குகின்றன. படுக்கைக்கு எதிர்மூலையில் வேறு வகைத் தரை ஒன்றை விரித்து வைத்தால் போதும்.

நான்காம் வாரத்திலிருந்து மனிதர்களைப் பழக்குவதே முதன்மையான வேலை. ஆண்கள், பெண்கள், முதியோர், அமைதியாக அமர்ந்திருக்கத் தெரிந்த சிறுவர்கள், தாடி வைத்தவர், கண்ணாடி அணிந்தவர், தொப்பி போட்டவர், கைத்தடி ஊன்றி நடப்பவர் எனப் பலரும் வந்து தரையில் உட்கார வேண்டும். குட்டியை யாரும் துரத்திப் பிடிக்கக் கூடாது. அது நெருங்கி வந்தபின் மார்பிலும் கழுத்தோரத்திலும் மெல்லத் தடவலாம். ஐந்தாம் வாரத்தை ஒட்டி அறிமுகமில்லாதவரிடம் எச்சரிக்கை தலைகாட்டத் தொடங்குவதால், அதற்கு முன்பே பல முகங்களைப் பார்த்திருப்பது நல்லது.

ஐந்தாம் வாரம் முதல் ஒவ்வொரு குட்டியையும் மற்றவற்றிடமிருந்து பிரித்து, தினமும் சில நிமிடங்களாவது வேறோர் அறையில் தனியாகக் கவனிக்க வேண்டும். கூட்டமாக இருக்கும்போது துணிச்சலாகத் தோன்றும் குட்டி, தனியாக விடப்பட்டதும் உறைந்து நிற்பதுண்டு. குட்டிகளைக் கூட்டமாக மட்டுமே பார்த்துப் பழகிய வளர்ப்பாளர் இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுகிறார் என்பதே என் கருத்து. சாவிக்கொத்து ஒன்றைச் சற்றுத் தள்ளிக் கீழே போட்டுப் பாருங்கள். திடுக்கிட்ட குட்டி சில விநாடிகளில் தலையைத் திருப்பி, மெல்ல வந்து முகர்ந்து பார்த்தால் கவலையில்லை. காதை மடக்கி, வாலை ஒடுக்கி, அசையாமல் நின்றாலோ, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விட்டு உதட்டை நக்கினாலோ அன்றைய பாடம் அதன் அளவை மீறிவிட்டது. உடனே தொலைவைக் கூட்டி, ஓசையைக் குறைத்து, அடுத்த நாள் இன்னும் எளிதான ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பயந்த குட்டியைப் பயமூட்டிய பொருளருகே பிடித்து நிறுத்திப் ‘பழகிவிடும்’ என்று காத்திருப்பது பயத்தை ஆழமாக்கவே செய்யும்.

கடிக்கும் வேகத்தை அடக்கும் பாடத்தை உடன்பிறந்தவையும் தாயுமே கற்பிக்கின்றன. பலமாகக் கடித்தால் மற்றக் குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், தாயும் கண்டிக்கும். பல நாடுகளின் சட்டம் எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்பதைத் தடை செய்கிறது. மூன்றாம் வாரக் கடைசியில் ஊறவைத்துக் குழைத்த உணவைத் தொடங்கி, ஏழாம் வாரத்துக்குள் படிப்படியாகப் பால் மறக்கச் செய்யலாம். தாய்க்குக் குட்டிகளை விட்டு விலகிப் படுக்க ஓர் உயரமான இடம் கட்டாயம் தேவை.

நோய் அச்சம் காரணமாகக் குட்டிகளை வெளியுலகமே காட்டாமல் அடைத்து வைப்போரும் உண்டு. குட்டிகளுக்குக் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் பார்வோ வைரஸ் கொடியது. நோயுற்ற நாயின் மலத்தால் மாசடைந்த மண்ணில் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். எனவே வருவோர் காலணியை வெளியே விட்டுக் கைகழுவி வர வேண்டும். தெருநாய்கள் நடமாடும் தரையில் குட்டியை இறக்கி விடக் கூடாது. எனினும் கையில் ஏந்தியோ கூடையில் வைத்தோ வெளியே கொண்டுபோய் வாகனங்களையும் மனிதர்களையும் காட்டலாம், காரில் சிறிது தூரம் அழைத்துச் செல்லலாம், தடுப்பூசி போட்ட சாதுவான பெரிய நாயோடு விளையாட விடலாம். உருண்டைப் புழுக்கள் தாயின் கருப்பையிலும் பால் வழியாகவும் குட்டிக்குச் சேர்வதால், இரண்டாம் வாரத்திலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை தாய்க்கும் சேர்த்துக் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்குகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் அதன் பலனைத் தடுக்கக்கூடும் என்பதால், பதினாறு வாரம் ஆகும்வரை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் திரும்பப் போடுகிறார்கள். அளவையும் நாளையும் கால்நடை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

எட்டு முதல் பத்து வாரத்துக்குள் பல குட்டிகள் திடீரென அச்சம் மிகுந்தவையாக மாறுகின்றன. கைமாறும் நேரமும் அதுவே. ஆகவே புதிய வீட்டில் முதல் சில நாள்கள் விருந்தினர் கூட்டமோ கூடுதல் இரைச்சலோ வேண்டாம் என்று வாங்குபவரிடம் எடுத்துச் சொல்லி, அதன் பழைய உணவையும் தாயின் வாசனை படிந்த ஒரு துணியையும் உடன் அனுப்புங்கள். அந்தக் குட்டி எதற்கு மிரண்டது, எப்படித் தெளிந்தது, இன்னும் எதைப் பார்க்கவில்லை என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், மீதமுள்ள நான்கு வாரங்களை அவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும். முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் கடந்தபின், தூய்மையான உள்ளரங்கில் நடக்கும் குட்டிகளுக்கான பயிற்சி வகுப்பில் சேர்க்கலாம் என்பதையும் அதே தாளில் குறிப்பிடுங்கள்.